போலி நாணயங்களையும் மெடல்களையும் கேட்டலாக்கில் வகைப்படுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய நாணயம் சேர்க்கும் எவரிடமும் சில போலிகள் இருக்கும். பலர் அவற்றை ஒரு டப்பாவில் போட்டு, மேலே "டூப்ளிகேட்" என்று எழுதி மூடிவிடுகிறார்கள். அந்த ஒரு சொல்லால் யாருக்கும் பயனில்லை. அதே அச்சில் வந்த இன்னொரு போலி நாளை வேறொருவர் கைக்கு விலைக்கு வரும்போது, உங்கள் பதிவைப் பார்த்து "இது அதேதான்" என்று அவர் சொல்ல முடிய வேண்டும். போலிகளைப் பட்டியலிடுவது அதற்காகத்தான்.

எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்திய நாணயங்களிலிருந்தும் மெடல்களிலிருந்தும் எடுத்திருக்கிறேன். நம் ஊர்ச் சேகரிப்பாளர்கள் அதிகம் வாங்குவதும் அதிகம் ஏமாறுவதும் அவற்றில்தான்.

வேலை முழுக்க மூன்று கேள்விகள்தான். இது எதைப் பார்த்துச் செய்தது? எப்படிச் செய்தது? எதற்காகச் செய்தது? முதல் கேள்விக்கு நூலும் அசல் நாணயமும் பதில் தரும். இரண்டாவதற்குக் கண்ணும் கருவியும் போதும். மூன்றாவதற்கு வரும் பதில் ஊகம்தான். புதியவர்கள் மூன்றாவதிலிருந்து தொடங்கி, "சைனா போலி", "அந்தக் காலத்துக் கள்ளக் காசு" என்று முதலில் பெயர் வைத்துவிட்டுப் பிறகு அதற்குச் சான்று தேடுகிறார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

0.01 கிராம் வரை காட்டும் தராசு, டிஜிட்டல் காலிப்பர், 10 மடங்கு பெரிதாக்கும் லூப், வலுவான காந்தம், ஒரு டம்ளர் தண்ணீர், மெல்லிய நூல், பக்கவாட்டில் சாய்த்து வைக்கக்கூடிய ஒரு விளக்கு. செலவு பெரிதாக ஆகாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, அதே வகை அசல் நாணயம் ஒன்று. படத்தில் விளிம்பு தெரியாது, கனம் தெரியாது, ஒலி கேட்காது. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் 1917, 1918 போன்ற ஆண்டுகள் தேய்ந்த நிலையில் எளிதில் கிடைக்கின்றன. நம்பிக்கையான ஒருவரிடமிருந்து ஒன்றை வாங்கி மேசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட அசல் இல்லாமல் போலியைப் பற்றி எழுதுவது எல்லாம் நினைவை நம்பி எழுதுவதுதான்.

நாணயத்தைக் கழுவாதீர்கள். புளி, எலுமிச்சை, பேஸ்ட், பாலிஷ் எதுவும் வேண்டாம். பச்சைக் களிம்பு உலோகத்துக்குள் இறங்கியிருக்கிறதா, மேலே பூசியதா என்பதே ஒரு சான்று. திருத்திய எண்ணைச் சுற்றி நிறம் மாறியிருப்பதும் சான்று. ஒருமுறை தேய்த்துவிட்டால் இரண்டும் போய்விடும். உரைகல்லில் உரசிப் பார்ப்பதும் வெட்டிப் பார்ப்பதும் இங்கே கூடாது. நகைக்கடைக்கு அது சரி. நாம் பார்ப்பது பொருளின் உருவத்தை.

2. எந்த அசலைப் பார்த்துச் செய்தது என்று முதலில் தீர்மானியுங்கள்

போலியின் பதிவு அசலின் எண்ணில் தொடங்க வேண்டும். நீங்கள் பயன்படுத்தும் கேட்டலாக் எதுவானாலும் சரி. கே.எம். எண் (க்ராஸ், மிஷ்லர் தொகுத்த உலக நாணயக் கேட்டலாக்கின் எண்) பலருக்கும் தெரிந்தது என்பதால் அதைக் கொடுத்தால் வெளியூர்க்காரருக்கும் புரியும். அரசர், மதிப்பு, ஆண்டு, அச்சாலைக் குறி (நாணயம் அடித்த ஊரைக் காட்டும் அடையாளம்) நான்கையும் எழுதுங்கள். லாகூர் அச்சாலைக் குறியான எல் எழுத்து 1943 முதல் 1945 வரைதான் வருகிறது. அந்தக் குறி அதற்கு முந்தைய ஆண்டோடு சேர்ந்து வந்தால் அங்கேயே உங்களுக்கு ஒரு செய்தி கிடைத்துவிட்டது.

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள் அசலையே போலி என்று பதிந்துவிடுவார்கள். இது அடிக்கடி நடக்கிறது. பத்து ரூபாய் நாணயத்தைத் தமிழ்நாட்டுக் கடைகளில் வாங்க மறுத்தது நினைவிருக்கும். ரூபாய்ச் சின்னம் இல்லை, கதிர்களின் எண்ணிக்கை வேறு என்று காரணம் சொன்னார்கள். சின்னம் நாணயங்களில் வந்ததே 2011-இல்தான். அதுவரை வந்திருந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. வடிவம் வேறுபடுவது மட்டும் போலிக்குச் சான்று ஆகாது.

பழைய நாணயத்திலும் இதே குழப்பம் வரும். விக்டோரியாவின் 1862 ரூபாயை ஆண்டை மாற்றாமல் பல ஆண்டுகள் தொடர்ந்து அடித்தார்கள். புள்ளிகளின் எண்ணிக்கையும் இடமும் மாறி மாறி வரும். அவை அசலின் வகைகள், எனவே போலிப் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை. எட்டாம் எட்வர்டின் முகம் பொறித்த பிரிட்டிஷ் இந்திய ரூபாய் வெளியானதே இல்லை. அப்படி ஒன்று வந்தால் அது கற்பனைப் படைப்பு. ஆனால் கட்ச் சமஸ்தானம் 1936-இல் அவர் பெயரில் அடித்த கோரி நாணயங்கள் அசலானவை. "எட்வர்ட் பெயரில் இந்திய நாணயமே கிடையாது" என்று அரைகுறையாகக் கேள்விப்பட்டவர் அவற்றைப் போலி என்று ஒதுக்கிவிடுவார்.

அசலே இல்லாத பொருள் என்று தெரிந்தால் "அசல்: இல்லை" என்று தெளிவாக எழுதுங்கள். அனுமார், ராமர் பட்டாபிஷேகம், விளக்கு, தாமரை போன்ற உருவங்களோடு "கிழக்கிந்தியக் கம்பெனி" என்றும் 1616, 1717, 1818 என்றும் பொறித்து வரும் செப்புக் காசுகள் இந்த வகை. அரை அணா என்ற கம்பெனிக் காசு 1835-இல் தொடங்கிய பொது நாணய முறையில் வந்தது. 1616-இல் அப்படி ஒரு காசு இருந்திருக்கவே முடியாது. அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது என்று சொல்லிப் பெருந்தொகை கறக்கும் மோசடிகளில் இவை திரும்பத் திரும்ப வருகின்றன. ஆகவே இவற்றைச் சரியாகப் பதிந்து வைப்பது சேகரிப்பாளர் அல்லாதவருக்கும் உதவும்.

3. அளவுகளை எடுங்கள்

எடை, விட்டம், தடிமன், இரண்டு பக்கங்களும் ஒன்றுக்கொன்று நிற்கும் திசை, காந்தத்தில் ஒட்டுகிறதா என்பது, அடர்த்தி. இந்த வரிசையிலேயே எழுதுங்கள். எல்லாப் பதிவிலும் ஒரே வரிசை இருந்தால்தான் பிறகு வரிசைப்படுத்தித் தேட முடியும்.

பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயின் எடை 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம். 91.7 சதவீதம் வெள்ளி. விட்டம் ஏறத்தாழ 30.5 மில்லிமீட்டர். தேய்மானத்தால் எடை குறையுமே தவிர ஏறாது. 11.9 கிராம் இருக்கும் ரூபாய் 11.4 இருப்பதைவிட அதிகச் சந்தேகத்துக்குரியது. புதியவர்கள் குறைந்த எடையை மட்டுமே தேடுகிறார்கள்.

விட்டத்தை ஒரே இடத்தில் அளக்காமல் மூன்று, நான்கு திசைகளில் அளந்து எழுதுங்கள். அசலைக் கொண்டு அச்சு எடுத்து உருக்கி வார்த்த நகல் ஆறும்போது சுமார் 1 முதல் 2 சதவீதம் சுருங்கும். 30.5 மில்லிமீட்டர் ரூபாயில் அது 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் வரை. கண்ணுக்குத் தெரியாது, காலிப்பருக்குத் தெரியும்.

அடர்த்தி பார்ப்பது எளிது, ஆனால் அவசரப்பட்டால் கெட்டுவிடும். முதலில் நாணயத்தைக் காற்றில் எடை போடுங்கள். தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுவதும் மூழ்கத் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண், நாணயம் விலக்கிய நீரின் எடை. முதல் எண்ணை இதால் வகுத்தால் அடர்த்தி.

எண்ணிக்கையில் பாருங்கள். 91.7 சதவீத வெள்ளியின் அடர்த்தி சுமார் 10.3. 11.66 கிராம் ரூபாய் தண்ணீரில் 1.13 காட்டும். 1940 முதல் வந்த பாதி வெள்ளி ரூபாய்க்கு அடர்த்தி சுமார் 9.5, ஆகவே 1.22 காட்டும். பித்தளை, ஜெர்மன் சில்வர் போன்றவற்றில் 1.3-ஐத் தாண்டும். இடைவெளி ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால்தான் 0.01 கிராம் தராசு கேட்டேன். நாணயத்தில் ஒட்டிய காற்றுக்குமிழி அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். தண்ணீரில் ஒரு சொட்டுச் சோப்பு விட்டால் குமிழி நிற்காது. மூன்று முறை எடுத்து மூன்றையும் எழுதுங்கள்.

அடர்த்தி ஒத்துப்போனால் அசல் என்று எழுதிவிடாதீர்கள். நல்ல வெள்ளியில் போலி அடிப்பது அரிதான வேலை அல்ல. அசல் நாணயத்தையே திருத்தியிருந்தாலும் அடர்த்தி சரியாகவே வரும். இந்தச் சோதனை பொருந்தாததைக் கழிக்கும். எதையும் அசல் என்று நிறுவாது. எக்ஸ்-கதிர் கருவியில் காட்டினாலும் இதே எச்சரிக்கை: அது மேற்பரப்பை மட்டும் படிக்கும். கனமான முலாம் அதை ஏமாற்றும்.

4. பார்த்ததை எழுதுங்கள், தீர்ப்பை எழுதாதீர்கள்

இந்தப் படியில்தான் நல்ல பதிவும் வீண் பதிவும் பிரிகின்றன. "வார்ப்பு மாதிரித் தெரிகிறது" என்பது தீர்ப்பு. "எழுத்துகளின் ஓரம் மழுங்கல், அரசர் கழுத்துக்குக் கீழே ஊசிமுனைப் பள்ளங்கள் ஏழு, விளிம்பில் 4 மணி இடத்தில் குறுக்கே அரத்தேய்ப்பு" என்பது பார்த்தது. தீர்ப்பு நாளை மாறலாம். பார்த்தது மாறாது. முதல் வகையில் எழுதியதைப் பத்து ஆண்டு கழித்து எடுத்துப் பார்த்தால், மறுபரிசீலனைக்கு அதில் ஒன்றுமே இருக்காது.

இடத்தைக் கடிகார முள் கணக்கில் சொல்லுங்கள். தலைப்பக்கம் 2 மணி, பின்பக்கம் 7 மணி என்றால் யாருக்கும் புரியும்.

விளக்கைச் சாய்த்து வைத்து மேடும் பள்ளமும் பிரித்துப் பாருங்கள். இது மிக முக்கியம். நாணயம் அடிக்கும் அச்சில் விழுந்த விரிசல் நாணயத்தில் மேடாக, மெல்லிய கோடாக வரும். நாணயத்தில் பின்னால் விழுந்த கீறல் பள்ளமாக இருக்கும். புதியவர்கள் இரண்டையும் "கோடு" என்றே எழுதிவிடுவார்கள். மேடான கோடு அச்சைப் பற்றிய செய்தி, பள்ளமான கோடு அந்த ஒரு நாணயத்தின் வாழ்க்கை பற்றிய செய்தி. பின்னால் 8-ஆம் படியில் இந்த வேறுபாட்டை வைத்துத்தான் முழு வேலையும் நடக்கும்.

விளிம்பை மறக்காதீர்கள். வாங்குபவர் பார்க்காத இடம் என்பதால் செய்பவரும் அங்கேதான் கவனம் குறைவார். கீற்றுகளை ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு எண்ணி அசலோடு ஒப்பிடுங்கள். நடுவே சுற்றிலும் ஒரு கோடு ஓடுகிறதா, அரத்தால் தேய்த்து மறைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். 1940-களின் பாதி வெள்ளி ரூபாய்களில் கீற்றுகளுக்கு நடுவே ஒரு பள்ள வேலைப்பாடு வரும். கள்ள நாணயத்தைத் தடுக்க அரசே வைத்த பாதுகாப்பு அது. அதை இணைப்புக் கோடு என்று எழுதிவிடக்கூடாது.

5. செய்த முறையைத் தீர்மானியுங்கள்

இப்போதுதான் முதல் வகைப்பாடு. நான் ஆறு முறைகளை வைத்திருக்கிறேன். அதற்கு மேல் பிரித்தால் எந்தப் பெட்டியில் போடுவது என்ற குழப்பம்தான் மிஞ்சும்.

வார்ப்பு: உருக்கி ஊற்றியது. மழுங்கிய எழுத்து, ஊசிப் பள்ளங்கள், விளிம்பு இணைப்பு, சுருங்கிய விட்டம். இவற்றில் குறைந்தது இரண்டு சேர்ந்து வர வேண்டும். மண்ணில் புதைந்து அரித்த அசலிலும் பள்ளங்கள் இருக்கும். ஆனால் அரிப்பு மேட்டிலும் பள்ளத்திலும் ஒருசேர விழும். வார்ப்புக் குமிழியோ பெரும்பாலும் எழுத்துகளின் மூலைகளில் தங்கும்.

கை வெட்டிய அச்சு: ஒருவர் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய அச்சில் அடித்தது. எழுத்துகள் கூர்மையாக இருக்கும், ஆனால் வடிவம் அசலிலிருந்து விலகும். அரசரின் மூக்கு, கிரீட மணிகளின் எண்ணிக்கை, ரோஜா இதழ்கள் ஆகிய இடங்களில் பாருங்கள்.

படியெடுத்த அச்சு: அசல் நாணயம் ஒன்றிலிருந்தே அச்சை உருவாக்கி, எந்திரத்தில் அடித்தது. வடிவம் அப்படியே இருக்கும், கூர்மை சற்றுக் குறையும். மூல நாணயத்தின் கீறலும் அடிபட்ட இடமும் எல்லாப் பிரதிகளிலும் அதே இடத்தில் வரும். இன்று சேகரிப்பாளர்களைக் குறிவைத்து வரும் போலிகளில் மிக ஆபத்தானவை இவைதான்.

மின்படிவு: இரண்டு மெல்லிய செப்பு ஓடுகளை மின்சாரத்தால் தனித்தனியே படியவைத்து, உள்ளே ஈயம் நிரப்பி ஒட்டியது. விளிம்பில் இணைப்பு தெரியும், ஒலி மொத்தையாக இருக்கும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக ராபர்ட் ரெடி செய்த மின்படிவுகளில் விளிம்பில் ஆர் ஆர் என்ற எழுத்துகள் இருக்கும். அவை ஏமாற்றச் செய்தவை அல்ல. ஆனால் எழுத்தைத் தேய்த்துவிட்டு விற்றால் ஏமாற்றுதான்.

முலாம் அல்லது உறை: மலிவான உள்ளீடு, மேலே வெள்ளி அல்லது பொன். செம்பின் மேல் வெள்ளி உறை போட்ட முத்திரைக் காசுகள் பழங்காலத்திலேயே உண்டு. மேடான இடங்களில் தேய்ந்து உள்நிறம் தெரிகிறதா என்று பாருங்கள்.

திருத்தம்: அசலை எடுத்து எண்ணையோ குறியையோ மாற்றியது. ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் அரிது, 1938 எளிதில் கிடைக்கும். எட்டின் கீழ்ச் சுழியில் இடப்பக்கத்தைச் சுரண்டினால் ஒன்பதாகிவிடும். லூப்பில் அந்த எண்ணை மட்டும் பார்க்காமல் அதைச் சுற்றிய தரையைப் பாருங்கள். சுரண்டிய இடம் மற்ற தரையைவிட வழவழப்பாகவோ சற்றுப் பள்ளமாகவோ இருக்கும். எண்ணை ஒட்டவைத்திருந்தால் அடிப்பகுதியில் ஒரு மெல்லிய இடைவெளி தெரியும். இரண்டு நாணயங்களைக் குடைந்து ஒன்றாக்கியதையும் இந்த வகையில்தான் வைக்கிறேன், ஏனெனில் மூலப்பொருள் அசல் நாணயம்தான்.

ஒரே பொருளில் இரண்டு முறைகள் சேரலாம். வார்த்து, பிறகு முலாம் பூசியது என்றால் முதன்மை முறை வார்ப்பு, துணைமுறை முலாம் என்று இரண்டையும் எழுதுங்கள்.

6. நோக்கத்தைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள்

முறையும் நோக்கமும் ஒன்றாகக் கலந்துதான் பெரும்பாலான பட்டியல்கள் பாழாகின்றன. "வார்ப்பு, எனவே புதுப் போலி" என்று எழுதுகிறார்கள். பிரிட்டிஷ் காலத்திலேயே சந்தையில் செலவழிக்க ஈயமும் தகரமும் கலந்து ரூபாயை வார்த்தவர்கள் இருந்தார்கள். முறை ஒன்றே, நோக்கமும் காலமும் வேறு.

புழக்கக் கள்ளம் என்பது அந்தக் காலத்துக் கடைக்காரரை ஏமாற்றச் செய்தது. இதற்கு வலுவான அடையாளம் பொதுவான ஆண்டு. செலவழிக்கப் போகிறவருக்கு அரிய ஆண்டு தேவையில்லை, யாரும் கூர்ந்து பார்க்காத ஆண்டே வேண்டும். உண்மையாகப் பல கைகள் மாறிய தேய்மானமும், சராப்புக் கடைக்காரர் (அக்காலத்தில் காசு மாற்றித் தந்தவர்) சோதித்த வெட்டும் இருந்தால் சான்று கூடும். இந்த வகை இன்று தன்னளவிலேயே சேகரிக்கப்படுகிறது, அது நியாயமும்கூட. அந்தக் காசு அக்காலப் பொருளாதாரத்தின் ஒரு பகுதி.

சேகரிப்பாளரை ஏய்ப்பது அடுத்தது. இதில் ஆண்டு எப்போதும் அரியதாகவோ விலை உள்ளதாகவோ இருக்கும். 1939 ரூபாய் ஒன்று. 1911 ரூபாய் இன்னொன்று. அரசரின் அங்கியில் இருந்த யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு வந்து திரும்பப் பெறப்பட்டது அது. 1912 முதல் யானையின் உருவம் திருத்தப்பட்டது. கதை உள்ள நாணயத்துக்கு விலை கூடும், விலை கூடினால் போலி வரும்.

அறிவித்த நகல்கள் மூன்றாவது. அமெரிக்காவில் 1973-இல் வந்த சட்டப்படி நாணய நகல்களில் காப்பி என்ற சொல் பொறித்திருக்க வேண்டும். அந்தச் சொல்லைத் தேய்த்து விற்பவர்கள் உண்டு. தேய்த்த தடம் தெரிந்தால் நோக்கக் கட்டத்தில் "நகல், பின்னர் ஏமாற்றுக்காக மாற்றப்பட்டது" என்று இரண்டு வாழ்க்கையையும் எழுதுங்கள்.

அசல் இல்லாத கற்பனைப் படைப்புகள் நான்காவது. அவற்றைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன்.

இனி, இந்தப் பட்டியலில் சேரவே கூடாதவை. ராமடங்கா என்ற கிண்ண வடிவ ராமர் காசுகள் வழிபாட்டுக்காகச் செய்தவை. செலவழிப்பதற்காக அடித்தவையே அல்ல, ஆகவே எதற்கும் போலி அல்ல. நேற்று செய்த பித்தளைக் காசைப் பல நூறு ஆண்டுப் பழமை என்று விற்றால் பொய் விற்பவரின் வாயில் இருக்கிறது. காசை "வழிபாட்டு வில்லை, நவீனம்" என்று பதியுங்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ரோமானிய நாணயங்களைப் பார்த்து உள்ளூரில் செய்தவை கிடைத்திருக்கின்றன. பொன்னிலும் செம்பிலும் உள்ள அந்தப் போலச்செய்தவற்றை "உள்ளூர்ப் பின்பற்றல்" என்று தனியே வைக்க வேண்டும். நகையாக அணியவோ சில்லறைத் தட்டுப்பாட்டைத் தீர்க்கவோ செய்ததைக் கள்ளம் என்பது தவறு. கல்கத்தா, பம்பாய் அச்சாலைகளே சேகரிப்பாளர்களுக்காகப் பிற்காலத்தில் மறுபடி அடித்துக் கொடுத்தவையும் போலி அல்ல, "அரசு மறு அச்சு" என்று அசல் பட்டியலில் இடம்பெற வேண்டியவை.

7. மெடல்களுக்கு என்ன மாறும்

மெடலில் மதிப்பு உலோகத்தில் இல்லை, விளிம்பில் பொறித்த பெயரில் இருக்கிறது. முதல் உலகப் போருக்கான பிரிட்டிஷ் போர் மெடல் சுமார் 36 மில்லிமீட்டர் வெள்ளி. விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். இங்கே ஏமாற்று பெரும்பாலும் மெடலில் நடப்பதில்லை, பெயரில் நடக்கிறது. சாதாரண வீரரின் பெயரை அரத்தால் எடுத்துவிட்டு, புகழ்பெற்ற சண்டையில் பங்கேற்ற படைப்பிரிவின் பெயரைப் பொறிப்பார்கள்.

அதனால் மெடலை இரண்டு பொருளாகப் பதியுங்கள்: உடல் ஒன்று, பெயர் ஒன்று. உடல் அசல், பெயர் போலி என்று வரலாம். காலிப்பரை விளிம்பில் சுற்றிச் சுற்றி எட்டுத் திசையில் வையுங்கள். பெயர் எடுத்த இடத்தில் விட்டம் குறையும். எழுத்து அழுத்திப் பொறித்ததா, ஊசியால் செதுக்கியதா என்பதையும் எழுதி, அந்த மெடலுக்கு எது வழக்கம் என்று ஒப்பிடுங்கள்.

இரண்டு தவறுகள் மெடலில் மீண்டும் மீண்டும் நடக்கின்றன. வெண்கலத்தில் உள்ள பிரிட்டிஷ் போர் மெடலைப் பார்த்ததும் போலி என்பது ஒன்று. இந்தியர், சீனர் உள்ளிட்ட தொழிலாளர் படைகளுக்கு அதே மெடல் வெண்கலத்தில் கொடுக்கப்பட்டது. நம் மக்களின் உழைப்புக்குச் சான்றான பொருள் அது. அதைப் போலி டப்பாவில் போடுவது எனக்குப் பொறுக்காது. மற்றொன்று, பெயர் இல்லாவிட்டால் போலி என்பது. 1911 தில்லி தர்பார் மெடல் பெயர் பொறிக்காமலே வழங்கப்பட்டது. அந்தத் தர்பாரையொட்டித் தனியார் அடித்து விற்ற நினைவு மெடல்களும் நிறைய. அவை அந்தக் காலத்து நினைவுப் பொருள்கள், அரசு மெடலின் போலிகள் அல்ல.

ரிப்பன் எதற்கும் சான்றல்ல. புது ரிப்பன் பழைய மெடலிலும், பழைய ரிப்பன் போலி மெடலிலும் இருக்கும். வளையம், தொங்குகம்பி இணைந்த இடத்தில் பற்றவைப்பு புதிதா என்று பாருங்கள். போதும்.

8. அச்சுக் குடும்பத்தைத் தேடுங்கள்

ஒரு போலி தனியாக இருக்கும்போது அது ஐயம். அதே குறையோடு இரண்டாவது கிடைத்தால் அது சான்று. படியெடுத்த அச்சில் வந்த போலிகளுக்கு இதைவிட வலுவான சோதனை எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

4-ஆம் படியில் எழுதிய பள்ளக் கீறல்களை எடுங்கள். இரண்டு அசல் நாணயங்கள் ஒரே அச்சில் வந்திருந்தால் அச்சின் மேடான விரிசல்கள் இரண்டிலும் ஒன்றாக இருக்கும். ஆனால் தனித்தனியே விழுந்த கீறல்கள் ஒன்றாக இருக்கவே முடியாது. இரண்டு நாணயங்களில் அரசரின் கன்னத்தில் அதே இடத்தில், அதே நீளத்தில், அதே சாய்வில் கீறல் இருந்தால் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து படியெடுத்தவை. அல்லது அவற்றில் ஒன்றுதான் அந்த மூல நாணயம், மற்றது அதன் படி. மூலத்தில் கீறல் கூர்மையாக இருக்கும், படியில் அதன் ஓரங்கள் உருண்டிருக்கும்.

குடும்பத்துக்கு ஒரு பெயர் கொடுங்கள். "கன்னக் கீறல் 1" போல எளிதில் நினைவில் நிற்கும் பெயர் நல்லது. அடையாளக் குறைகள் குறைந்தது மூன்று எழுதுங்கள். ஒன்று மட்டும் என்றால் தற்செயலாக இருக்கலாம்.

இந்த வழி பழையது. கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் என்ற ஜெர்மானியர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரேக்க, ரோமானிய நாணயங்களைத் தானே அச்சு வெட்டிப் போலியாக அடித்தார். அவருடைய அச்சுகள் பெர்லினுக்குப் போய்ச் சேர்ந்தன. அச்சு அச்சாகப் பட்டியலிட்டதால்தான் இன்று எந்த ஏலத்தில் பெக்கர் போலி வந்தாலும் அடையாளம் காண முடிகிறது.

9. எண் கொடுங்கள்

எண்ணை முதலிலேயே கொடுத்துவிட்டால் வகை மாறும்போதெல்லாம் எண்ணும் மாறும். அதனால் கடைசியில். என் அமைப்பு இதுதான்: அசல், முறை, நோக்கம், குடும்பம், பிரதி. சுருக்கெழுத்துகளை ஒரு பக்கத்தில் விளக்கி முன்னால் வையுங்கள்.

மாதிரிப் பதிவு ஒன்று (திரு: திருத்தம், சேக: சேகரிப்பாளரை ஏய்ப்பது):

ஜார்ஜ்6-ரூ1-1939 / திரு / சேக / குடும்பம் இல்லை / 1. எடை 11.61. விட்டம் 30.5, 30.5, 30.4. காந்தத்தில் ஒட்டவில்லை. அடர்த்தி 10.3, 10.3, 10.2. கடைசி எண்ணின் இடக் கீழ்ப்பகுதியில் தரை வழவழப்பு, சுற்றிலும் இல்லாத நேர்க்கோட்டுத் தடம். மற்ற எல்லா விவரமும் 1938 அசலோடு ஒத்தவை. முறை: உறுதி. நோக்கம்: பெரும்பாலும்.

கடைசி இரண்டு சொற்களைக் கவனியுங்கள். ஒவ்வொரு தீர்ப்புக்கும் உறுதி, பெரும்பாலும், ஐயம் என்ற மூன்றில் ஒன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். முறையில் உறுதியாக இருந்து நோக்கத்தில் ஐயமாக இருப்பது வழக்கமானதுதான். ஐயம் என்று எழுதக் கூச்சப்படுபவரின் பட்டியலை நான் நம்புவதில்லை.

10. படம், பாதுகாப்பு, சட்டம்

இரண்டு பக்கமும் விளிம்பும், மூன்று படங்கள் குறைந்தபட்சம். பக்கத்தில் அளவுகோல் தெரிய வேண்டும். விளக்கு எப்போதும் ஒரே திசையில், 10 மணி இடத்தில் இருந்தால் மேடு பள்ளம் எல்லாப் படத்திலும் ஒரே மாதிரித் தெரியும். ஒரு படத்தில் இடமிருந்தும் இன்னொன்றில் வலமிருந்தும் ஒளி வந்தால் கீறல் மேடு போலத் தோன்றி, குடும்பம் பார்ப்பதே முடியாமல் போகும். ஃபில்டர் போடாதீர்கள்.

போலிகளை அசல்களோடு ஒரே ஆல்பத்தில் வைக்காதீர்கள். உங்களுக்குப் பிறகு அதைத் திறக்கும் குடும்பத்தாருக்கு வேறுபாடு தெரியாது. உறையின் மேல் மட்டும் எழுதினால் உறை மாறிவிடும். உறைக்குள்ளேயே ஒரு சீட்டு வையுங்கள், எண்ணோடு. நாணயத்தின் மேல் எதையும் பொறிக்க வேண்டாம். ஐயம் என்று பதிந்த ஒன்று நாளை அசலாகத் தீர்மானிக்கப்படலாம்.

இன்று புழங்கும் நாணயங்களின் கள்ளப் பிரதிகளை இந்தச் சேகரிப்பில் சேர்க்காதீர்கள். கள்ள நாணயம் செய்வதும், அதை அசலென்று மாற்றுவதும், மாற்றும் எண்ணத்தோடு வைத்திருப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி குற்றம். கைக்கு வந்தால் வங்கியிலோ காவல் நிலையத்திலோ கொடுத்துவிடுங்கள்.

போலியை விற்கவோ மாற்றிக்கொள்ளவோ நேர்ந்தால் பில்லிலும் உறையிலும் "போலி" என்ற சொல்லும் உங்கள் பட்டியல் எண்ணும் இருக்கட்டும். வாய்வார்த்தையாகச் சொன்னது அடுத்த கைக்குப் போகாது.

தீர்ப்பு மாறினால் பழையதை அழிக்காமல், அதற்குக் கீழே தேதியிட்டு, யார் பார்த்தார், எதைப் பார்த்து மாற்றினார் என்று எழுதுங்கள். கணினிப் பட்டியலில் இதற்கென்று ஒரு கட்டத்தை முதல் நாளே ஒதுக்கிவிடுங்கள்.